பின் சீட்டில் ஒருவர் மட்டும்

இந்த மாதம் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் எழுதுகிறேன். பழைய கார்களுக்கு சஸ்பென்ஷன் சாமான்களைத் தேர்ந்தெடுக்கிற மேஜை இனி உங்களுடையது. நான் அதை விட்டு எழுந்துவிட்டேன். முப்பது வயதுகூட ஆகாதவன் ஓய்வு பெற்றவன் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிக்கலாம். அந்த மேஜையைப் பொறுத்தவரை நான் ஓய்வு பெற்றவன்தான். இப்போது பின்கட்டில் பெயின்ட் பிரிவில் இருக்கிறேன். நிறம் தவறிப்போனால் யாருக்கும் வலிக்காது.

“நீ அறிஞ்சதையெல்லாம் பிள்ளேருக்கு எழுதிக் கொடு” என்றார் முதலாளி. ஸ்பிரிங் பட்டையின் அகலத்தை எங்கே அளப்பது, நல்ல ரப்பர் புஷ்ஷையும் போலியையும் எப்படிப் பிரிப்பது என்றெல்லாம் முதலில் எழுதிப் பார்த்தேன். அது கொஞ்ச நாளில் உங்கள் கைக்கே வந்துவிடும். எழுதித் தர என்னிடம் இருப்பது ஒரு வண்டியின் கதைதான். கடைசியில் ஏதாவது ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்துப் படிக்காதீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. அப்பா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு கான்கிரீட் வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கியதும் அம்மா பக்கத்து வீடுகளில் போய், “எம் மவன் புக்கப் பாத்து சாமான் எடுக்குத வேலக்கிப் போறான்” என்று சொல்லிவிட்டு வந்தாள். ஒர்க்‌ஷாப்பில் என் பெயர் அன்றைக்கே தொலைந்து ‘டிப்ளமோ’ ஆகிவிட்டது. அச்சில் இருப்பது பொய் சொல்லாது என்கிற நம்பிக்கை, வீட்டில் முதலில் படித்தவனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். எனக்கு இருந்தது.

இன்னொன்று, நம் ஒர்க்‌ஷாப்பின் ‘ட்ரயல்’. நீங்களே இதற்குள் இரண்டு மூன்று தடவை போயிருப்பீர்கள். சஸ்பென்ஷன் வேலை முடிந்ததும் வண்டியை யாரும் தனியாக ஓட்டிப் பார்ப்பதில்லை. முதலாளி ஸ்டியரிங்கில் உட்காருவார். கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரும் ஏறுவார்கள், முன்னால் மூன்று பேர், பின்னால் நான்கு பேர். கரமனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வேகத்தடை ஹம்புகள் வரிசையாக இருக்கிற ரோட்டில் ஏறி இறங்கி, டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். “எங்ஙனே?” என்று முதலாளி கேட்பார். பின்னால் இருக்கிறவர்கள், “வெண்ணெய் மாதிரி போகுது முதலாளி” என்பார்கள். அதோடு வண்டி டெலிவரிக்குத் தயார். நான் வருவதற்கு முன்பே இருந்த பழக்கம் இது. இதில் ஒரு தப்பு இருக்கும் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மணி சார் வந்தது ஒரு மழைக்காலத்தில். கரமனை அக்ரஹாரத் தெருவில் வீடு. கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான புதிதில் வாங்கிய அம்பாசடரை இத்தனை வருஷமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அந்தக் காலத்துப் பெஞ்சு சீட், தேய்ந்த குரோம் எல்லாம் அப்படியே இருந்தன. அந்த மாதிரி வண்டி வந்தால் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுற்றி நிற்போம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“வண்டியைப் பாக்க வேண்டாம். நான் சொல்றதைக் கேளு” என்றார் என்னிடம். “என் ஆத்துக்காரிக்கு முதுகெலும்பு உள்ளுக்குள்ளே உளுத்துண்டு வரது. வாரத்துல நாலு நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கதிர் வைக்கணும். வண்டி குதிக்கறபோது அவ துடிக்கறா. அவளுக்கு வலிக்கப்படாது. அவ்வளவுதான் வேலை. வேற ஒண்ணும் எனக்கு வேண்டில்லை.”

“வேற வண்டி பாக்கலாமே சார்?”

“பாத்தாச்சு. மருமான் கார்ல குனிஞ்சு ஏற முடியலை. ஆம்புலன்ஸ் ஒரு நாள் வந்தது. அது இதைவிட மோசம், லாரி மாதிரி அடிக்கறது. இதுலதான் நாற்காலியில ஒக்கார்ற மாதிரி ஒக்காந்து, அப்படியே சாஞ்சு, ஒருக்களிச்சுப் படுத்துக்கறா.”

டாக்டர் ஒரு விஷயம் சொல்லியிருந்தாராம். வந்து போக முடிகிறவரை கதிர்வீச்சு கொடுக்கலாம், வர முடியாமல் போனால் வீட்டிலேயே வலிக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஆக, அந்த அம்மாள் பின்சீட்டில் படுத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்திருந்தது.

அடியில் போய்ப் பார்த்தேன். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். எப்போதோ குடும்பத்தோடு கோயில் கோயிலாகப் போய்வந்த காலத்தில், வண்டி தாழாமல் இருக்க ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். எல்லாம் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தது. கேட்லாக்கை விரித்தேன். அந்த வண்டிக்கு அசல் சாமான் வருவது நின்று நாளாகிறது. வெளிக் கம்பெனிகள் செய்வதுதான் கிடைக்கும். அதில் இருப்பதிலேயே உயர்ந்ததாக எடுத்தேன். புதுப் பட்டை செட், கேஸ் ஷாக் அப்சார்பர், புது மாதிரி புஷ். ‘சொகுசான பயணம்’ என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.

மாட்டினோம். ஏழு பேர் ஏறி ட்ரயல் போனோம். ஹம்புகளில் வண்டி மெத்தென்று இறங்கி எழுந்தது. “எடா டிப்ளமோ, இதுல நான் உறங்கிப் போவேன்” என்றார் முதலாளி. நான் அன்று பெருமையாக இருந்தேன். மணி சாரிடம், “மாமி இனி தூங்கிக்கிட்டே போகலாம் சார்” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அவரே வந்தார். வண்டி அவரோடு வரவில்லை. வாசலில் நின்றபடி, “பாலம் தாண்டறதுக்குள்ளே அவ என் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டா. நிறுத்தச் சொல்றா” என்றார். குரலில் கோபம் இல்லை. “உங்க ட்ரயல்ல நன்னாருந்துதுன்னு சொன்னியே?”

“சத்தியமா நல்லாருந்துச்சு சார்.”

“நீ பொய் சொல்ல மாட்டே. அதுதான் எனக்குப் புரியலை.”

ஷாக் அப்சார்பர் கடினமாக இருக்குமோ என்று மாற்றினேன். கேஸ் போய் எண்ணெய் வந்தது. புது மாதிரி புஷ் போய்ப் பழையபடி சாதா ரப்பர் வந்தது. மறுபடியும் எல்லோரும் ஏறி டீ குடிக்கப் போனோம். முன்னைவிட நன்றாக இருந்தது. மறுபடியும் அவர் வந்தார். இந்தத் தடவை மாமி ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தாள். “அந்தப் பையன்கிட்டே சொல்லுங்கோ, வண்டி நன்னாக் குதிக்கறது, அது மாதிரி என்னாலயும் ஒரு தரம் குதிக்க முடிஞ்சா கூடவே குதிப்பேன்னு.”

அவர் போனபின் முதலாளி என் தோளில் கைபோட்டார். “மோனே, ரோகத்துக்கு ஸ்பேர் கிட்டாது, கேட்டோ. நம்ம வேலை சரியா செஞ்சாச்சு. விடு.”

இந்த இடத்தில்தான் நீங்களும் ஒரு நாள் நிற்பீர்கள். சாமான் சரி, ட்ரயல் சரி, வாடிக்கையாளர்தான் சரியில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த அம்மாளுக்கு எதில் போனாலும் வலிக்கும், நாம் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். ஆனால் மணி சார், “நீ பொய் சொல்ல மாட்டே” என்று சொன்னது விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

மாமி கூடத்தில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எலும்பும் தோலும்தான். கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது. “வாடா டிப்ளமோ” என்றாள். அந்தப் பெயர் அங்கேவரை போயிருந்தது. “உங்க ஊர் எது?”

“சங்கரன்கோவில் பக்கம் மாமி. பொறந்தது இங்கதான்.”

“அப்போ நீயும் எங்களை மாதிரிதான். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.” சிரித்தால் வலிக்கும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். “நீ என்ன பண்ணினாலும் வலிக்கறதுடா. ஒரே ஒரு நாள்தான் வலிக்கலை. போன மாசம் நாகர்கோவில்லேர்ந்து அண்ணா, மன்னியெல்லாம் வந்திருந்தா. நீ வேலை செய்யறதுக்கு முன்னாடி. பழைய ஸ்பிரிங்தான். எல்லாரும் கூட ஏறிண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தா. அன்னிக்கு அவ்வளவா தெரியலை. பேச்சுவாக்குல மறந்துட்டேனாக்கும்னு நெனச்சேன்.”

நான் எழுந்தேன். “சார், வண்டியை எடுங்க. நான் மட்டும் பின்னாடி இருக்கேன்” என்றேன்.

மணி சார் ஓட்டினார். நான் மாமி படுக்கிற மாதிரியே பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தேன். முதல் ஹம்பிலேயே விலாவில் உதைத்த மாதிரி இருந்தது. அடுத்ததில் உடம்பு சீட்டை விட்டு எழும்பி விழுந்தது. ஏழு பேரோடு வெண்ணெய் மாதிரி போன அதே வண்டி, அதே பட்டை. டாக்ஸிக்கும் கல்யாணக் கூட்டத்துக்கும் செய்த ஸ்பிரிங் அது. ஏழு பேர் கனம் இருந்தால்தான் வளைந்துகொடுக்கும். ஒரு கிழவரும் ஒரு நோயாளியும் மட்டும் இருந்தால் பலகை. நாங்கள் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஏழு பேருக்குச் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் சொன்னேன். “அன்னிக்கு பேச்சுனால இல்ல மாமி. ஆள் கனம் இருந்ததால வண்டி மெதுவா இறங்கிருக்கு. நிறைய பேரு கூட வந்தா உங்களுக்கு வலிக்காது.”

“ஓஹோ” என்றாள். “அப்போ மனுஷா வேணும்ங்கறே.”

நல்ல வார்த்தையாக இருந்தது. நானும் தலையாட்டினேன்.

முதலில் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றிப் பார்த்தோம். குதிப்பது குறைந்தது. ஆனால் வளைவுகளில் வண்டியின் பின்பக்கம் வாலை ஆட்டியது. அந்த ஆட்டத்தில் மாமியின் முதுகு ஒடிந்துபோகிற மாதிரி இருந்ததாம். மணி சாருக்கும் அந்தக் கனத்தோடு பிரேக் பிடிக்கக் காலில் பலம் இல்லை. ஒரே நாளில் மூட்டைகளை இறக்கினோம். அதற்குள் கதிர் வைக்க வேண்டிய தடவைகள் சில தவறிப்போயிருந்தன. இனியும் தவறினால் நிறுத்திவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

நான் முதலாளியிடம் போனேன். “பட்டையைக் குறைச்சிடலாம் முதலாளி. மெல்லிசா ஒரு செட் அடிக்கச் சொல்லி மாட்டலாம்.”

“நாலு பேர் கேறியா வண்டி தாழ இருந்து போகுமெடா. ஆக்ஸில் போய் சேஸிஸ்ல இடிக்கும்.”

“நாலு பேர் ஏற மாட்டாங்க. சாரும் மாமியும்தான்.”

“நீ அந்த வண்டியில செக்யூரிட்டி நிக்கப் போறியா?”

பொன்முடி எஸ்டேட்டிலிருந்து வருகிற ஜீப்புகளுக்குப் பட்டையைக் கூட்டிக் கூட்டியே பழகியவர் அவர். குறைப்பது அவருக்கு விளங்காத காரியம். ஆனால் கடைசியில், “நீ படிச்சவன். நீ சொன்னா செய்யலாம்” என்றார். அந்த வார்த்தைக்காகத்தான் எங்கள் வீட்டில் மூன்று பேர் செங்கல் சுமந்தார்கள். அன்று அது என் தலைமேல் ஒரு மூட்டை மாதிரி வந்து உட்கார்ந்தது.

மெல்லிய பட்டை வந்தது. இந்தத் தடவை ட்ரயலுக்கு யாரையும் ஏற்றவில்லை. நான் ஓட்டினேன், முதலாளி மட்டும் பின்னால் படுத்தார். கீழே இறங்கியவர் என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். மணி சாரிடம் நான் மூன்று தடவை சொன்னேன், “சார், நீங்க, மாமி, கூட ஒரு ஆளு. அதுக்கு மேல ஏறக் கூடாது.”

“யார் ஏறப் போறா” என்றார் அவர்.

அன்று மாலை போன் வந்தது. மாமியே பேசினாள். “டேய், கரமனை ஆறு எப்போ தாண்டித்துன்னே தெரியலைடா. கண்ணைத் திறந்து பாத்தா ஆஸ்பத்திரி வாசல்.” அம்மா பக்கத்தில் நின்று, “என்னல, வேல போச்சா?” என்று கேட்டாள். அப்படி இருந்திருக்கும் என் முகம்.

கொஞ்ச காலம் அப்படியே போயிற்று. கதிர் ஒழுங்காக நடந்தது. நான் வேறு வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை மணி சார் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “நாகர்கோவில்லேர்ந்து அவ அண்ணா, மன்னி, அவா ரெண்டு பிள்ளைகளும் வந்திருக்கா. எல்லாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறா. நாலு பேர் கூட ஏறினா என்ன ஆகும்?”

“ஏத்தவே கூடாது சார். அவங்களை ஆட்டோல வரச் சொல்லுங்க.”

“நான் எப்படிடா சொல்லுவேன்” என்றார்.

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். தெருவில் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. மாமி பின்சீட்டில் மன்னியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். காலடியில் ஒரு மகன், முன்னால் இன்னொருவன். அண்ணா வெளியே நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். வண்டியின் பின்பக்கம் அப்போதே தாழ்ந்துபோயிருந்தது.

“சார், இதுல இத்தனை பேர் போகக் கூடாது” என்றேன்.

“யாருப்பா நீ?”

“ஒர்க்‌ஷாப்புல இருந்து வாரேன். ஸ்பிரிங் மாத்தியிருக்கு. மாமியும் சாரும் மட்டும் போற மாதிரிதான்…”

“அம்பாசடர்டா இது. எட்டு பேர் சுசீந்திரம் போயிருக்கோம் இதுல. இப்போ என் தங்கையை ஆஸ்பத்திரிக்குத் தனியா அனுப்பிச்சுட்டு நாங்க ஆட்டோ பிடிச்சுப் பின்னால வரணுமா? நன்னாருக்கே நியாயம்.”

நான் மணி சாரைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீடுகளில் வாசலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தத் தெருவில், அவர்கள் குடும்பத்துக்கு நடுவில், நான் யார்? கான்கிரீட்காரன் மகன். இருந்தாலும் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தேன். “மாமி, நீங்களாவது சொல்லுங்க. இடிக்கும் மாமி.”

அவள் சிரித்தாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. “போடா. நிறைய பேர் கூட வந்தா வலிக்காதுன்னு நீதானே சொன்னே?”

“அது பழைய ஸ்பிரிங்குக்கு மாமி. இப்ப மாத்தியாச்சு. இப்ப நேர் எதிர்.”

“எனக்கு அதெல்லாம் புரியாதுடா” என்றாள். “ஏறுங்கோ அண்ணா. நேரமாச்சு.”

அண்ணா முன்னால் ஏறிக் கதவைச் சாத்தினார். நான் கதவைப் பிடித்துத் தொங்கியிருக்கலாம், சாவியைப் பிடுங்கியிருக்கலாம் என்று இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். முன்னால் போய் வழிமறிக்கவும் தோன்றவில்லை. மணி சார் ஊர்ந்துதான் ஓட்டினார், அதை நான் சொல்ல வேண்டும். பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் ஹம்பில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. இறங்கும்போது ‘தொம்’ என்று ஒரு சத்தம் கேட்டது, நாங்கள் எல்லோரும் அறிந்த சத்தம், இரும்பும் இரும்பும் இடிப்பது. அதற்குப் பின் வந்தது வண்டியின் சத்தம் இல்லை.

முதுகெலும்பில் ஒரு கணு நொறுங்கி உட்கார்ந்துவிட்டது என்று படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இருக்கிற நிலைக்கு அது ஒரு தும்மலில்கூட நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். மணி சார் அதை எனக்காகவே நினைவில் வைத்திருந்து வந்து சொன்னார். அதை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை, மறுத்துப் பேசும் படிப்பும் எனக்கு இல்லை. அந்த அண்ணா ஆஸ்பத்திரி நடையில் நின்று என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “நாங்க வந்திருக்கவே வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

கதிர் நின்றது. மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். இப்போது புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு பெண்கள் வேண்டும். நாற்காலிக்கு மாற்ற முடியாது, வாசலுக்குத் தூக்கிவர முடியாது.

வண்டி என்ன மாடல் என்று கேட்பதற்கு முன்னால் அதில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். இதை நான் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் நான் அதைக் கேட்டவன்தான். சரியான பதிலும் வாங்கியவன்தான். சொன்னவருக்கே தெரியாது, ஒரு திங்கட்கிழமை காலையில் யார் யார் அன்போடு வந்து ஏறுவார்கள் என்று. அதற்கு எந்த கேட்லாக்கில் பக்கம் இருக்கிறது?

கொஞ்ச நாள் கழித்து சிக்னலில் ஒரு காய்கறி லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நிறைய மூட்டை. அதன் பின் ஸ்பிரிங்குக்கு மேலே தனியாக ஒரு கட்டுப் பட்டை, கனத்தில் அழுந்தி முட்டுக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஹெல்பர் பட்டை. உங்களுக்கும் தெரியும், பாடத்தில் வரும். கனம் இல்லாதபோது அது சும்மா நிற்கும், கீழே மெல்லிய பட்டைகள் மட்டும் வேலை செய்யும். கனம் ஏறினால் இது வந்து தாங்கும். நான் பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்த சாமான். தினமும் என் பைக்குக்கு முன்னால் எத்தனையோ வண்டிகளின் அடியில் ஆடிக்கொண்டு போன சாமான். காருக்கான கேட்லாக்கில் அது இல்லை, அதனால் எனக்கும் இல்லாமல் போயிற்று. சிக்னல் பச்சை விழுந்து பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

மணி சார் வண்டியை விற்கவில்லை. மாமி தினமும் கேட்கிறாளாம், வண்டி சரியாச்சா என்று. அவர், “டிப்ளமோ பாத்துண்டிருக்கான்” என்று சொல்லிவிடுகிறாராம். அப்படிச் சொல்லிவிட்டதால் வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டார். “ஏதாவது பாரு” என்றார். பார்த்தேன். சின்ன பிக்கப் ஒன்றின் ஹெல்பர் பட்டையை வாங்கி, நீளத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் பல வாரம் செய்தேன். முதலாளி ஒரு தடவைகூட எதற்கு என்று கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. மணி சார் தலையணையோடு வந்தார். மாமி வைத்துக்கொள்கிற மாதிரி விலாவுக்கு அடியில் கொடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஒருக்களித்துப் படுத்தார். நான் ஓட்டினேன். எல்லா ஹம்புகளையும் தாண்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பி வந்ததும், படுத்தபடியே, “எல்லாரையும் ஏறச் சொல்லு” என்றார்.

முதலாளி பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பையன் காலடியில் ஒடுங்கிக்கொண்டான். முன்னால் என்னோடு இன்னும் இரண்டு பேர். பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் ஹம்பு. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறியது. இறங்கியது. சத்தம் இல்லை.

கடைசி ஹம்பும் போன பிறகு கண்ணாடியில் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்திருந்தார். முதலாளி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது அவளுக்கு வலிக்காதுடா” என்றார் மணி சார்.

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அப்புறம் அவர், தலையைத் தூக்காமலே, “இன்னொரு தரம் போலாமா?” என்று கேட்டார்.

திருப்பினேன்.